இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஃப்ளூ ஊசி: இந்த மழைக்கு முன்னே போட வேண்டுமா?

கல்குளத்துப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். தக்கலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு ஆவணியில் இரண்டு வயது முடியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுகிற ஊசிகள் ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஒன்றரை வயசு ஊசியும் போட்டாயிற்று. இப்போது சளிக்குக் காட்டப் போன இடத்தில் குழந்தை டாக்டர், "மழை தொடங்கும் முன்னே ஃப்ளூ ஊசி போட்டுவிடுங்கள், முதல் தடவை என்பதால் ஒரு மாத இடைவெளியில் இரண்டு" என்றார். ஒரு ஊசியே இரண்டாயிரத்தை ஒட்டி வருமாம்.

மாமியாருக்கு இதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. "சர்க்கார் ஊசி எல்லாம் போட்டாச்சு, தேவையானதென்றால் அவங்களே போட மாட்டாங்களா?" என்று கேட்கிறார். வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கிறார். அங்கே கம்பெனியில் ஆண்டுதோறும் இந்த ஊசி போடுவார்களாம், அதனால் "யோசிக்காதே, போடு" என்கிறார். நடுவில் நான்.

மூத்தவன் யு.கே.ஜி. போகிறான். பள்ளிக்கூடத்திலிருந்து அவன் கொண்டுவருகிற சளி எல்லாம் இவளுக்கும் வந்துவிடும். போன மழையில் இவளுக்கு நெஞ்சு இரைத்து நெபுலைசர் வைக்க வேண்டி வந்தது. இன்னொரு சந்தேகமும் உண்டு. ஐந்து நோய்க்கும் சேர்த்துப் போட்ட ஊசியில் இன்ஃப்ளூயன்சா என்று ஏதோ இருக்கிறதே, அது இதுதானா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் மைனி

என் இரண்டு பிள்ளைகளுக்கும் போட்டேன். சின்னவளுக்கு அன்று ராத்திரி லேசான காய்ச்சல், தொட்டால் தொடை வலிக்கிறது என்று அழுதாள். மறுநாள் மாலைக்குள் வழக்கம்போல விளையாட ஆரம்பித்துவிட்டாள். போட்ட பிறகு சளியே வராது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். மூக்கொழுகல், தும்மல் எல்லாம் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் நாலைந்து நாள் விடாமல் அனலாகக் கொதித்து, சாப்பாடு இறங்காமல், கண்ணைத் திறக்காமல் கிடப்பார்களே, அது பிறகு வரவில்லை. நான் போடத்தான் சொல்வேன்.

ஆரல்வாய்மொழி காற்று

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். மகனுக்கு ஒரு வருஷம் போட்டோம். அதே ஆடியில் நல்ல காய்ச்சல் வந்து படுத்தான். அடுத்த வருஷம் போடவில்லை, அப்போதும் ஒருமுறை காய்ச்சல் வந்தது, போனது. பிறகு எதற்கு ஊசி? மற்ற ஊசிகளைப் போல ஒரு தடவையோடு முடிவதும் இல்லை, வருஷாவருஷம் காசு. பிள்ளை என்றால் காய்ச்சல் வரும், வந்து வந்துதான் உடம்பு பலம் பிடிக்கும். நான் தடுப்பூசிக்கு எதிரி இல்லை. போலியோ, அம்மை ஊசிகளை யாராவது வேண்டாம் என்றால் அவர்களோடு சண்டையே போடுவேன். இதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வடசேரி டாக்டர்

குழந்தை மருத்துவராக இருக்கிறேன், நாகர்கோவிலில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஐந்து நோய் ஊசி. அதில் உள்ள ஹிப், அதாவது ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி, ஒரு பாக்டீரியாவுக்கானது. மூளைக்காய்ச்சலையும் ஒரு வகை நிமோனியாவையும் தடுக்கும். ஃப்ளூ வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் காலத்தில் ஃப்ளூவுக்கு அந்தப் பாக்டீரியாதான் காரணம் என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். மனிதரிடமிருந்து ஃப்ளூ வைரஸையே பிரித்தெடுத்தது 1933இல்தான். ஆகவே உங்கள் மகளுக்கு ஃப்ளூ ஊசி இதுவரை போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஆரல்வாய்மொழி நண்பர் சொன்னது. அவர் மகனுக்கு வந்த காய்ச்சல் ஃப்ளூவாகவும் இருந்திருக்கலாம், வேறாகவும் இருந்திருக்கலாம். மழைக்காலத்தில் பிள்ளைகளைப் பிடிக்கிற வைரஸ்கள் ஏராளம். சின்னப் பிள்ளைக்கு வருஷத்தில் ஆறு, எட்டுத் தடவை சளி பிடிப்பது சாதாரணம். இந்த ஊசி அவற்றில் ஃப்ளூ ஒன்றை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். அதிலும் நூற்றுக்கு நூறு கிடையாது. பரவுகிற வைரஸும் ஊசியில் உள்ளதும் நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில் ஃப்ளூ வருவதை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கும். அதையும் தாண்டி வந்தால் பெரும்பாலும் கடுமை குறைந்து வரும். ஊசி செயலிழந்த வைரஸ் துண்டுகளால் ஆனது, அதிலிருந்து ஃப்ளூ வர வழியே இல்லை.

அப்படியானால் எதற்கு வற்புறுத்துகிறோம்? ஃப்ளூ சாதாரணச் சளி இல்லை. ஐந்து வயதுக்குள், அதிலும் இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு அது நெஞ்சுக்கு இறங்கி நிமோனியா ஆகலாம், காதில் சீழ் வைக்கலாம், இரைப்புள்ள பிள்ளைக்கு மூச்சிரைப்பை முற்றவைக்கலாம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் போடச் சொல்கிறது. ஐந்துக்கு மேல் ஆஸ்துமா, இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு போன்றவை இருக்கிறவர்களுக்கு. உங்கள் மகளுக்கு நெபுலைசர் வைத்த வரலாறு இருக்கிறது. என்னிடம் வந்திருந்தால் நானும் போடத்தான் சொல்லியிருப்பேன்.

நம் குமரி மாவட்டத்துக்கென்று ஒரு சங்கதி உண்டு. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழையோடு ஃப்ளூ ஏறும். சென்னை, வேலூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பர் மழையில் ஏறும். நமக்கு இரண்டு மழையும் உண்டு, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைகிற மண் இது. அதோடு பள்ளிக்கூடம் திறப்பதும் முதல் மழை இறங்குவதும் ஜூனில் ஒன்றாக வருகிறது. நனைந்த பிள்ளைகள் ஜன்னல் மூடிய வகுப்பறையில் நெருக்கி உட்காருகிறார்கள். ஒரு பிள்ளை இருமினால் போதும்.

இரண்டு ஊசிக்கும் நடுவே குறைந்தது நான்கு வாரம் வேண்டும். அதன்பின் எதிர்ப்பு உண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம். ஏப்ரல் நடுவில் தொடங்குகிறவர்களுக்கு ஜூன் மழைக்குச் சரியாக இருக்கும். இப்போது மே பிறந்துவிட்டது, இன்றைக்கே தொடங்கினாலும் முழுப் பலன் ஜூன் நடுவுக்கு மேல்தான். அதனால் காலம் போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஐப்பசி மழை பாக்கி இருக்கிறது.

ஆரல்வாய்மொழி காற்று

டாக்டர், மரியாதையோடு கேட்கிறேன். இவ்வளவு நல்லதென்றால் அரசாங்கம் ஏன் இலவசமாகப் போடவில்லை? அந்தப் பாட்டி கேட்டது நியாயமான கேள்விதானே.

வில்லுக்குறி நர்ஸ் அம்மா

தம்பி, இதற்கு நான் பதில் சொல்கிறேன். கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

வயிற்றுப்போக்குக்கு வாயில் விடுகிற ரோட்டா மருந்து, நிமோனியாவுக்கான பி.சி.வி. ஊசி, இரண்டையும் முன்பு காசு உள்ளவர்கள்தான் தனியாரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். ரோட்டா 2017இல் நம் மாநிலத்தில் இலவசமாக வந்தது. பி.சி.வி. 2021இல் வந்தது. இலவசமாக வரும் முன்பும் அவை நல்ல மருந்துதான். ஃப்ளூ ஊசியோ வைரஸ் மாற மாற ஆண்டுதோறும் புதிதாகச் செய்ய வேண்டியது. அத்தனை கோடிக் குழந்தைகளுக்கு வருஷாவருஷம் கொடுப்பதற்குப் பணமும் ஆளும் நிறைய வேண்டும். அரசு பட்டியலில் இல்லை என்பதால் தேவையில்லாதது என்று ஆகிவிடாது. அந்தப் பாட்டியிடம் ரோட்டாவைச் சொல்லிப் பாருங்கள் மக்ளே, உங்கள் மூத்தவனுக்கு அவரே மடியில் வைத்துக் கொடுத்திருப்பார்.

குளச்சல் கடற்கரை

என் வீட்டில் ஐந்து வயதுக்குள் இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு ஊசி என்றால் நாலு. ஜூன் மாதம் எங்கள் கரையில் விசைப்படகு தடைக்காலம், வீட்டில் வருமானம் இராது. மேலே பேசிக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன், எங்களைப் போன்றவர்களுக்கு இது போடலாமா வேண்டாமா என்பதோடு முடிகிற காரியம் இல்லை. எதை விட்டு எதைச் செய்வது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு ஊசி போட முடியாத தகப்பனை யாரும் குறைவாக எண்ண வேண்டாம்.

வில்லுக்குறி நர்ஸ் அம்மா

குளச்சல் தம்பி சொன்னது மனசைத் தைத்தது. யாரும் குறைவாக எண்ண மாட்டார்கள், எண்ணவும் கூடாது. கையில் உள்ள காசுக்கு முன்னே பின்னே என்று பார்த்தால் நான் இப்படிச் சொல்வேன்.

இலவச ஊசிகளில் ஒன்றுகூட விடாதீர்கள். முக்கியமாக பி.சி.வி. மூன்றும். ஃப்ளூ வந்த பிள்ளைக்குப் பின்னாலேயே வந்து தாக்குகிற நிமோனியாக் கிருமியை அது ஓரளவு தடுக்கும். அதைப் போடாமல் காசு கொடுத்து ஃப்ளூ ஊசி போடுவதில் அர்த்தமில்லை. அப்புறம், இரண்டு பேருக்கும் முடியாது, ஒருவருக்குத்தான் முடியும் என்றால் இரைப்பு உள்ள பிள்ளைக்கு. இரைப்பு இருவருக்கும் இல்லையென்றால் இரண்டு வயதுக்குள் இருப்பவருக்கு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். முதல் வருஷம் ஒரே ஊசியோடு நிறுத்தினால் சின்னப் பிள்ளைக்குப் பலன் சரியாக வராது. ஒரு பிள்ளைக்கு இரண்டும் போடுவது, இரண்டு பிள்ளைக்கு ஒவ்வொன்று போடுவதைவிட நல்லது. அடுத்த வருஷத்திலிருந்து ஒன்றே போதும்.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் எல்லாத் தாய்மாரும் மூச்சை எண்ணப் படித்துக்கொள்ளுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும் நேரத்தில், தூங்கும்போது என்றால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. கடிகாரத்தை வைத்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குவது சரியாக வராது, சின்னப் பிள்ளையின் மூச்சு ஒரே சீராக இராது. ஒரு வயது முடிந்து ஐந்துக்குள் உள்ள பிள்ளைக்கு 40 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முடிந்து ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமூச்சு, அன்றே காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் தண்ணீர் எதுவும் குடிக்காவிட்டாலோ, எழுப்பினாலும் எழும்பாமல் கிடந்தாலோ, ஜன்னி (வலிப்பு) வந்தாலோ, விடியட்டும் என்று பார்க்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ராத்திரியும் பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது நம் வீடுகளில் விடாமல் நடக்கிறது. தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக் கற்பூரம் போட்டு நெஞ்சில் தடவுவது. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், கையை நக்கினால் வாய் வழியாகவும் போகும். சின்னப் பிள்ளைக்கு ஜன்னியே வரவழைக்கும். வேண்டாம். வெந்நீர்ச் சட்டியில் ஆவி பிடிக்கவைத்து வெந்துபோன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் சுக்குக் காப்பி குடிக்கட்டும், அதில் குற்றமில்லை. பிள்ளைக்குத் தாய்ப்பால், கஞ்சித் தண்ணீர், காய்ச்சலுக்கு எடை பார்த்து டாக்டர் சொன்ன அளவு பாராசிட்டமால், இவ்வளவு போதும். ஆஸ்பிரின் பக்கமே போகக் கூடாது.

வடசேரி டாக்டர்

அம்மா சொன்ன ஒவ்வொன்றும் சரி. கூடுதலாக ஒன்று. மருந்துக்கடையில் தானாகக் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃப்ளூ வைரஸுக்கு அது எடுபடாது. ஃப்ளூவுக்கென்றே ஒசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கும் இரைப்பு உள்ள பிள்ளைக்கும் அது தேவையா என்று டாக்டர் பார்க்க வேண்டும், அதனால் நாலாம் நாள்வரை காத்திருக்க வேண்டாம் என்கிறேன்.

திருவட்டார் அப்பா

டாக்டர் சார், என் மகனுக்கு வயது மூன்று. முட்டை கொடுத்தால் உடம்பெல்லாம் தடித்துவிடும். ஒன்றரை வயதில் ஒருமுறை காய்ச்சலில் ஜன்னியும் வந்தது. இந்த ஊசியை முட்டையில்தான் தயாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பயந்து விட்டுவிட்டோம். போடலாமா?

வடசேரி டாக்டர்

பெரும்பாலான ஃப்ளூ ஊசிகள் கோழி முட்டையில் வளர்த்த வைரஸிலிருந்து வருபவைதான். முன்பு முட்டை ஒவ்வாமை என்றால் தயங்கினோம். ஊசியில் மிஞ்சும் முட்டைப் புரதம் மிகமிகக் குறைவு என்பதால் இப்போது அதைத் தடையாகக் கருதுவதில்லை. போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்காரவைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்த ஊசிக்கும் அது நல்லது. முன்பு ஃப்ளூ ஊசி போட்டே மூச்சுத்திணறல் மாதிரி கடுமையாக ஏதாவது ஆகியிருந்தால்தான் கூடாது.

காய்ச்சல் ஜன்னியும் தடையில்லை. ஃப்ளூ காய்ச்சலே அந்தப் பிள்ளைகளுக்கு ஜன்னியைக் கொண்டுவரும் என்பதை நினைத்துப் பாருங்கள். பி.சி.வி. போன்ற வேறு ஊசியோடு ஒரே நாளில் போடும்போது சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஜன்னி வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, அப்போதும் அது அரிதுதான். உங்கள் மகனுக்கு இப்போது வேறு ஊசி எதுவும் இல்லை என்பதால் அந்தக் கவலையும் இல்லை. விஷயத்தை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருந்துப்பெட்டி, கருங்கல்

மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், எந்த வைரஸ்களைச் சேர்க்க வேண்டும் என்று அறிவிக்கும். பெட்டியில் எந்தப் பருவத்துக்கானது என்று அச்சிட்டிருக்கும். அதையும் காலாவதித் தேதியையும் படித்துப் பாருங்கள். கிடைப்பதில் ஆகப் புதியதைக் கேளுங்கள். பழைய பருவத்து ஊசியைத் தள்ளுபடியில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து இது. உறைந்தும் போகக் கூடாது. கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகிறவர்கள் ஐஸ் பொட்டலத்தின் மேல் நேராக வைத்துவிடுகிறார்கள். ஊசி ஐஸில் படாமல் நடுவே துணியோ தாளோ வைத்து, நேரே டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் டாக்டரின் ஃப்ரிட்ஜில் இருப்பதையே போட்டுக்கொள்வது நல்லது. நம் ஊரில் காற்றடித்தால் கரண்ட் போய்விடும், இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாலு வகை ஃப்ளூ வைரஸுக்கான ஊசி நல்லதா, மூணு வகைக்கானதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். டாக்டரே சொல்லட்டும்.

வடசேரி டாக்டர்

நாலாவதாகச் சேர்த்திருந்த பி வகை யமகாட்டா வைரஸ் 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. அது இனித் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. எது கிடைத்தாலும் சரி, அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

மேல்புறம் மாமா

தங்கைக்குப் பிரசவமாகி மூன்று மாதம். அந்தக் குழந்தைக்கும் போடலாமா?

வில்லுக்குறி நர்ஸ் அம்மா

ஆறு மாதம் முடியாமல் போடக் கூடாது. சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொள்ளலாம். தாய் போட்டுக்கொள்ளலாம், பால் கொடுக்கத் தடையில்லை. கர்ப்பத்திலேயே போட்டிருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் எதிர்ப்பு கொஞ்சம் போய்ச் சேரும். சளி பிடித்தவர்கள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வருவதைத் தடுத்துவிடுங்கள். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆரல்வாய்மொழி காற்று

எல்லாம் படித்தேன். என் மகனுக்கு இப்போது ஆறு வயது, இரைப்பு கிடையாது. இந்த வருஷமும் நான் போடப்போவதில்லை. ஆனால் தக்கலை சகோதரிக்கு நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நெபுலைசர் வைத்த பிள்ளையின் கணக்கு வேறு. அதை முதலில் நான் கவனித்துப் படிக்கவில்லை.

கல்குளத்துப் பெண்

எல்லோருக்கும் நன்றி. போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். வருகிற திங்கள்கிழமைக்கு டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அத்தையிடம் ரோட்டா மருந்து பற்றிச் சொன்னேன். "அது வாயில விடுகிற மருந்து, இது ஊசி" என்றார். இன்னும் முழு மனசில்லை, ஆனால் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளத் தானே கூட வருவதாகச் சொல்லிவிட்டார். அவருக்கும் சர்க்கரை இருக்கிறது.

கடைசியாக ஒரு சந்தேகம். மே நடுவில் பிள்ளைகளோடு ஷார்ஜா போகிறோம், ஜூன் கடைசியில்தான் திரும்புவோம். இரண்டாவது ஊசி அங்கே இருக்கும்போது வரும். என்ன செய்வது?

வடசேரி டாக்டர்

அதே கம்பெனி ஊசிதான் வேண்டும் என்பதில்லை, அங்கே கிடைத்தால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வட அரைக்கோளத்து ஊசி வழக்கமாக ஜூனோடு காலாவதியாகிவிடும், அந்த நேரத்தில் இருப்பு இல்லாமல் போகலாம். கிடைக்காவிட்டால் பதற வேண்டாம், ஊருக்கு வந்ததும் போட்டுவிடுங்கள். நான்கு வாரம் என்பது குறைந்தபட்ச இடைவெளி. தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. திங்கள்கிழமை லேசான மூக்கொழுகல் இருந்தாலும் போடலாம், நல்ல காய்ச்சல் என்றால் மட்டும் தள்ளிவையுங்கள். சர்க்கரை உள்ள அத்தைக்கும் இந்த ஊசி தேவைதான், அவரைப் பார்க்கிற டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

வில்லுக்குறி நர்ஸ் அம்மா

தடுப்பூசி அட்டையை எடுத்துப்போக மறக்காதீர்கள் மக்ளே. ஊசியின் பெயர், பேட்ச் நம்பர், தேதி மூன்றையும் அதில் எழுதி வாங்குங்கள். ஷார்ஜா போகும்போது அட்டையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் போட வேண்டாம்.